வீட்டுப்பள்ளி, ஆட்டிசம் உள்ள மூத்த பிள்ளை, வயிற்றில் அடுத்தது: பத்து மாதத்தை எப்படிக் கொண்டுபோவது

வீட்டில் எதையெல்லாம் மாற்ற வேண்டுமோ அதையெல்லாம் கர்ப்பத்தின் ஏழாம் மாதம் தொடங்குவதற்குள் மாற்றி முடித்துவிடுங்கள். இனி சொல்லப்போவது எல்லாம் இதை ஒட்டித்தான். படுக்கும் இடம், குளிப்பாட்டும் ஆள், பாடம் படிக்கும் நேரம், யார் கையால் சோறு என்று ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஒரு நாள் ஓடுவதே இந்த மாதிரி நிச்சயங்களை நம்பித்தான். பாப்பா வந்த அன்றைக்கே இத்தனையும் சேர்ந்து மாறினால், எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பாப்பாதான் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும், அப்புறம் அதை மனதிலிருந்து எடுப்பது பெரும்பாடு. அதே மாற்றங்கள் முன்கூட்டியே வந்து பழகிப்போயிருந்தால் பாப்பா ஒன்றுதான் புதுசு.

எங்கள் மகனுக்கு அப்போது ஏழு வயது. பேச்சு உண்டு, ஆனால் பெரும்பாலும் ரயில் நிலைய அறிவிப்பாகத்தான் வரும். மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டதால் வீட்டுப்பள்ளிக்கு வந்தவர்கள் நாங்கள். மதுரையில் இரண்டு அறை வாடகை வீடு, கீழ் வீட்டில் மாமியார். நான் எழுதுவது இந்த அளவு வீட்டை வைத்துத்தான். தனி அறை, தினமும் தெரபி என்று வசதி இருப்பவர்கள் உங்களுக்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது சொல்வது, என்ன சொல்வது

முதல் மூன்று மாதம் சொல்ல வேண்டாம். வயிறு தெரிய ஆரம்பித்ததும் சொல்லுங்கள். "அம்மா வயிற்றில் பாப்பா" என்று மட்டும் சொல்லி விட்டுவிட்டால், அம்மா பாப்பாவைச் சாப்பிட்டுவிட்டாள் என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள், சொன்னதைச் சொன்னபடியே பிடித்துக்கொள்ளும் மனசு அது. வயிற்றுக்குள் பாப்பாவுக்கென்று தனியாக ஒரு பை இருக்கிறது, சோறு போகும் இடம் வேறு என்று வரைந்து காட்டுங்கள். ஸ்கேன் படத்தைக் காட்டுவது உங்கள் பிள்ளையைப் பொறுத்தது. எங்களவனுக்கு அது வெறும் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள்தான்.

வருகிறவர்கள் எல்லாரும் "தம்பி வேணுமா, தங்கச்சி வேணுமா?" என்று கேட்பார்கள். சும்மா கேட்கிற கேள்விதான், ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதுதான் வர வேண்டும் என்று நிற்கும் பிள்ளையிடம் அதைக் கேட்கவே கூடாது. என்ன குழந்தை என்று முன்கூட்டிச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, அதனால் உங்களுக்கும் தெரியாது. "பாப்பா" என்ற ஒரே வார்த்தையை வீட்டில் எல்லாரும் பிடித்துக்கொள்ளுங்கள். "பாப்பா வந்தா உன்னை யாரு பார்ப்பா?" என்ற கேலியைத் தாத்தா பாட்டி உட்பட எல்லாரிடமும் கறாராக நிறுத்தச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்கு அது கேலியாகப் போய்ச் சேராது.

தேதியையும் சொல்லாதீர்கள். டாக்டர் எழுதிக்கொடுக்கும் தேதியில் பிறக்கும் குழந்தைகள் கொஞ்சம்தான், இரண்டு வாரம் முன்பின் ஆவது சாதாரணம். காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டி, அன்றைக்குப் பாப்பா வரவில்லை என்றால் வீடு தாங்காது. நாங்கள் ஒரு நீள அட்டையில் வைகை எக்ஸ்பிரஸ் போகும் பாதையை வரைந்தோம். மதுரை, திண்டுக்கல், மணப்பாறை, திருச்சி, அரியலூர், விருத்தாசலம், விழுப்புரம், செங்கல்பட்டு, தாம்பரம், எழும்பூர் என்று பத்து மாதத்துக்குப் பத்து நிலையம். அட்டை ரயிலை ஒவ்வொரு மாதமும் செக்கப் முடிந்து வந்ததும் அவன்தான் நகர்த்துவான். எழும்பூருக்கு மட்டும் நேரம் எழுதவில்லை. "ரயில் முன்னாலும் வரலாம், தாமதமாகவும் வரலாம், வந்ததும் அறிவிப்பு வரும்" என்று கீழே எழுதி, தினமும் ஒருமுறை படித்தோம். பிரசவம் ஆனதும் அவன் அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டு "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்துத்தான் சொன்னார். உங்கள் பிள்ளைக்கு ரயில் பிடிக்காமல் மின்விசிறியோ, பல்லியோ, கடிகாரமோ பிடித்திருக்கலாம். எதில் அதன் மனம் நிற்கிறதோ அதிலேயே இந்தச் செய்தியையும் வைத்துவிடுங்கள்.

சின்னச் சின்னப் படக்கதையும் நன்றாக உதவும். நடக்கப்போவதைப் பிள்ளையின் கண்ணிலிருந்து எழுதும் இந்த முறையை 1990-களின் தொடக்கத்தில் கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை வகுத்தார். "பாப்பா அழும். அழுகை சத்தமாக இருக்கும். நான் ஹெட்போன் போட்டுக்கொள்ளலாம். அல்லது மாடிக்குப் போகலாம். அழுகை நின்றுவிடும்." இவ்வளவு போதும். "நான் நல்ல அண்ணனாக இருப்பேன்" போன்ற வரி வேண்டாம். அதில் பிள்ளை செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை.

மசக்கையும் பாடமும்

படுத்தபடியே நடத்தக்கூடிய பாடத்தைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று போதும்: கையால் செய்ய ஒன்று, எழுத்தோ எண்ணோ ஒன்று, உடம்பை அசைக்க ஒன்று. அதற்கு மேல் நடந்தால் நல்லது, நடக்காவிட்டால் அந்த நாள் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். பத்து மாதத்தில் பிள்ளை ஒரு வகுப்பு பின்தங்கிவிடும் என்று கணக்குப் போட்டு அம்மாக்கள் தூக்கம் கெடுவதைப் பார்க்கிறேன். வீட்டுப்பள்ளியில் அவசரம் எதுவும் இல்லை. பள்ளிக்குப் போகாமலே தேர்வு எழுத வழி செய்யும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவே 14 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புக்கு இணையாக மூன்று நிலைகள் வைத்திருக்கிறார்கள். இந்தப் பத்து மாதம் எங்கேயும் ஓடிவிடாது.

பாயில் படுத்துக்கொண்டு பல்லாங்குழி ஆடினால் அதுவே கூட்டல், கழித்தல், காத்திருத்தல் எல்லாம். பட்டாணி உரிப்பது, முருங்கைக்கீரை ஆய்வது, துவரையும் உளுந்தும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்வது எல்லாம் பென்சில் பிடிக்கிற விரலுக்குப் பயிற்சி. கனமான வேலை செய்தால் சில பிள்ளைகளுக்கு உடம்பு அடங்கும். பாதி வாளித் தண்ணீரைச் செடிக்குத் தூக்கிப் போவது, ஐந்து கிலோ அரிசிப் பையைச் சமையலறை வரை இழுத்து வருவது, மெத்தையைத் தட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில் வரும். நீங்கள் குனியக் கூடாத நாட்களில் அது உங்களுக்கும் உதவிதான். பாடம் எங்கே என்று கேட்டால், ரயில் கால அட்டவணையே எங்களுக்குப் புத்தகம். எந்த நிலையத்தில் எத்தனை நிமிடம் நிற்கும், திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போக எவ்வளவு நேரம் என்று மணிக்கணக்கு முழுதும் அதிலேயே வந்துவிட்டது.

சுவரில் படவரிசை ஒட்டாதவர்கள் இப்போதாவது ஒட்டிவிடுங்கள். பல் துலக்குவது, சாப்பாடு, பாடம், மாடி, குளியல் என்று படங்களை வெல்க்ரோவில் ஒட்டி, முடிந்ததைக் கழற்றி டப்பாவில் போடுவது. இதன் அருமை உங்களுக்கு முடியாமல் போகும் நாளில்தான் தெரியும். அன்றைக்கு அப்பாவோ அத்தையோ சித்தியோ யார் வந்தாலும் நாள் அதே வரிசையில் நடக்கும். பேச்சு வராத பிள்ளைக்குச் சென்னையில் உருவான ஆவாஸ் மாதிரியான படச் செயலிகள் பயன்படும். ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள் என்றால் 'பாப்பா', 'சத்தம்', 'போதும்', 'அம்மா வேணும்' ஆகிய நான்கையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். 'போதும்' மிக முக்கியம். அதைச் சொல்ல வழியில்லாத பிள்ளைதான் தள்ளிவிடும்.

வயிற்றைக் காத்துக்கொள்வது

இதை வெளியில் பேச அம்மாக்கள் கூச்சப்படுகிறார்கள், பிள்ளையைக் குற்றம் சொன்னதாக ஆகிவிடுமோ என்று. ஆகாது. மனம் தாங்காமல் உடைந்துபோகும் நேரத்தில் பிள்ளை தலையால் முட்டும், காலை உதைக்கும், அது வேண்டுமென்று செய்வதில்லை. நீங்கள் நேருக்கு நேர் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள், கையில் ஒரு தலையணை இருக்கட்டும். தூக்கிக்கொண்டு போய் அமைதிப்படுத்தும் பழக்கம் இருந்தால் நாலாம் மாதத்திலேயே அதை அப்பா கையில் கொடுத்துவிடுங்கள். அப்பா பக்கத்தில் இல்லாத நேரத்தில், பிள்ளையைத் தூக்காமல் அறையைக் காலி செய்யுங்கள்: விளக்கை அணைத்து, உடையக்கூடியதை எடுத்துவிட்டு, பேச்சைக் குறைத்து, கதவோரம் உட்கார்ந்துகொள்வது.

வயிற்றில் பலமாக அடிபட்டாலோ விழுந்தாலோ வலி இல்லையே என்று இருந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிடுங்கள். இரத்தப்போக்கு, நீர் கசிவு, வயிறு இறுகிக்கொள்வது, குழந்தை அசைவு குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் இரத்தம் நெகட்டிவ் வகை என்றால் அடிபட்டதைக் கட்டாயம் சொல்லுங்கள், ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம்.

தூளி, சாம்பிராணி, அழுகைச் சத்தம்

நம் வீடுகளில் இந்தப் பிள்ளைகள் பலருக்குத் தூளிதான் தெரபி. ஏழு வயதானாலும் பாட்டியின் பழைய சேலையில் சுருண்டு ஆடினால்தான் தலை அடங்கும். பாப்பா வந்ததும் அதே கொக்கியில் அதே சேலையை அவிழ்த்துப் பாப்பாவுக்குக் கட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இன்னொரு கொக்கி போடுங்கள். கொத்தனாரையோ தச்சரையோ கூப்பிட்டு இரண்டு கொக்கியும் எடை தாங்குமா என்று பார்க்கச் சொல்லுங்கள், பெரிய பிள்ளை இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். சேலை நிறமும் வேறாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் நீலச் சுங்குடி அண்ணனுக்கு, மஞ்சள் பாப்பாவுக்கு. பாப்பாவின் தூளியை முன்கூட்டியே கட்டி, உள்ளே ஒரு பொம்மையைப் போட்டு வைத்தோம். "இது பாப்பாவுது" என்பதை அவன் ஆள் வருவதற்கு முன்பே படித்துவிட்டான்.

அழுகைச் சத்தத்தைப் போனில் மிகக் குறைவாக, பிள்ளை பிடித்த வேலையில் இருக்கும்போது சில விநாடி மட்டும் ஓட விடுங்கள். வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சத்தத்தைக் கூட்டலாம். காதைப் பொத்தினால் அன்றைக்கு அத்தோடு சரி. காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்றை இப்போதே வாங்கிப் பழக்குங்கள்.

வாசத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பத்தியச் சமையலில் பூண்டுக் குழம்பு, கருவாடு, சுறாப்புட்டு என்று வீடே மணக்கும், பெற்றவளுக்கு அது மருந்து, வாசம் தாங்காத பிள்ளைக்கு அது சித்திரவதை. கீழ் வீட்டிலோ பக்கத்திலோ சமைத்துக் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் பிள்ளை மாடியிலோ பூங்காவிலோ இருக்கும் நேரத்தில் சமையுங்கள். பாப்பாவைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போடுவதை நாங்கள் அடியோடு விட்டுவிட்டோம். பச்சைக் குழந்தையின் நுரையீரலுக்குப் புகை ஆகாது என்று குழந்தை மருத்துவர்களே சொல்கிறார்கள், பெரியவர்களிடம் அதைச் சொன்னால் இரண்டு பிள்ளைகளுக்கும் நல்லதாகப் போயிற்று.

வளைகாப்பும் அம்மா வீடும்

வளைகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், உங்களுக்கும் அந்தச் சந்தோஷம் வேண்டும். ஆனால் பிள்ளையை மூன்று மணி நேரம் மண்டபத்தில் உட்கார வைக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் முதல் வளையலை அவன் போட்டுவிட்டான், அதற்குப் பிறகு சித்தப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். "எங்கே மூத்தவன்?" என்று கேட்டவர்களுக்கு மாமியாரே பதில் சொன்னார்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவதா என்பது பெரிய கேள்வி. என் கருத்து, பிள்ளை இருக்கும் இடத்துக்கு அம்மா வருவதே நல்லது. புது வீடு, புதுக் கழிப்பறை, புதுத் தெரு, அதோடு புதுப் பாப்பா என்றால் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. வேறு வழியில்லை என்றால் ஐந்தாம் மாதம் தொடங்கி வார இறுதிகளில் போய்த் தங்கிப் பழக்கிவிடுங்கள்.

வலி வந்த ராத்திரியில் யார் வந்து பிள்ளையோடு படுப்பார் என்பதைப் பெயரோடு முடிவு செய்யுங்கள், அவர் வராவிட்டால் அடுத்தவர் யார் என்பதையும். அவர்கள் கையில் ஒரு பக்கத் தாள் இருக்க வேண்டும். எங்கள் தாளில் இருந்தது ஏறக்குறைய இப்படி: "தயிர் சாதம் எவர்சில்வர் தட்டில் மட்டும். ஊறுகாய் தட்டில் படக் கூடாது. 'ஒன்றாம் நடைமேடை' என்றால் பாத்ரூம் போக வேண்டும். கைதட்டிக் குதித்தால் சந்தோஷம், தடுக்க வேண்டாம். காதைப் பொத்தி உறுமினால் டிவியை நிறுத்தி, பேசாமல் நீலத் தூளியைக் காட்டவும். கட்டிப்பிடிக்க வேண்டாம். வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளை எப்போதும் போடவும்." கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதியிருந்தோம். வீட்டில் ஆட்கள் வந்து போகும் அந்த நாட்களில்தான் பிள்ளை சத்தமில்லாமல் வெளியே நடந்துவிடும். கழுத்தில் அட்டை மாட்ட விடாத பிள்ளைக்குச் சட்டையின் உள்பக்கம் போன் நம்பரைத் தைத்துவிடலாம்.

"இதுக்கும் அப்படி இருக்குமோ?"

ராத்திரி வந்து நிற்கும் கேள்வி இது, ஊரும் கேட்கும். 2024-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றின்படி, மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த குழந்தைக்கும் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று, ஆண் குழந்தைக்குக் கொஞ்சம் அதிகம், பெண் குழந்தைக்குக் குறைவு. ஸ்கேனில் ஆட்டிசம் தெரியாது, அதனால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அந்தப் பயத்தோடு போகாதீர்கள். பிறந்த பிறகு கண்ணைப் பார்ப்பது, பெயரைக் கூப்பிட்டால் திரும்புவது, விரல் நீட்டிக் காட்டுவது இவற்றைக் கவனித்துக்கொண்டு, 18 மாதத்திலும் இரண்டு வயதிலும் பரிசோதனை செய்துவிடுங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998-இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு எழுதிய கட்டுரையை, வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்குப் பின் பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பார்த்தும் அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை. "அடுத்ததாவது நல்லபடியா பிறக்கட்டும்" என்று யாராவது மூத்தவன் காதுபட வாழ்த்தினால், "இவனும் நல்லபடியா பிறந்தவன்தான்" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். அவன் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

பிரசவத்துக்கு முன் முடிக்க வேண்டிய பேப்பர் வேலை

கைக்குழந்தையோடு வரிசையில் நிற்க முடியாது, அதனால் இவை இப்போதே. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் இருக்கிறது, தனித்துவ அடையாள அட்டை வாங்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். அந்த அட்டை இருந்தால் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு நடத்தும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குச் சேரலாம், தெரபிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. கடுமையான பாதிப்புள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கற்க 2012-இல் கல்வி உரிமைச் சட்டத்தில் இடம் செய்திருக்கிறார்கள். வட்டார வள மையத்தில் பெயரைப் பதிந்துவிட்டால் சிறப்பாசிரியர் வீட்டுக்கே வருவார், நீங்கள் படுத்திருக்கும் மாதங்களில் அது பெரிய கைத்தாங்கல். உங்களுக்கென்று பிக்மி எண்ணை (கர்ப்பத்தை அரசிடம் பதியும்போது தரும் எண்) 12 வாரத்துக்குள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் பதிந்துவிடுங்கள், பாப்பாவின் பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவிக்கும் அது வேண்டும்.

பாப்பா வந்த பிறகு

நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது பாப்பா வேறொருவர் கையில் இருக்கட்டும். முதலில் மூத்த பிள்ளையைப் பாருங்கள். பார்க்கச் சொல்லிப் பாப்பாவை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், எங்களவன் நாலைந்து நாள் பாப்பாவின் பாதத்தை மட்டும்தான் பார்த்தான், அது போதுமானதாக இருந்தது. இருவரையும் தனியாக ஒரு அறையில் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். கண் மினுங்குகிறதே என்று விரல் வைக்கும், ஆசையில் மேலே படுத்துவிடும்.

"பாப்பா தூங்குது, சத்தம் போடாதே" என்று நாள் முழுதும் சொன்னால் பிள்ளை பாப்பாவை வெறுக்கும். வயிற்றுக்குள் இருந்தபோதே அண்ணனின் முனகலைக் கேட்டு வளர்ந்த குழந்தை அது, அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிடும். சிசேரியன் என்றால் ஆறு வாரம் பாப்பாவைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது, மூத்தவனையும்தான். அதனால் அவனை அணைப்பது எல்லாம் உட்கார்ந்தபடி, படுத்தபடி.

அழுகையும் வெறுமையும் இரண்டு வாரத்தைத் தாண்டினால் உடம்பு அசதி என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், 14416-இல் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணின் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். கணவருக்கும் அந்த எண் தெரிந்திருக்கட்டும், கூப்பிட வேண்டியவருக்குச் சில நேரம் போனை எடுக்கவே கை வராது.

பாடத்தை முதல் நாற்பது நாளுக்குத் திறக்கவே வேண்டாம். படவரிசை மட்டும் நடந்தால் போதும். அப்புறம் பாப்பா பால் குடிக்கும் நேரத்தையே வாசிப்பு நேரமாக வையுங்கள், ஒரு கையில் பாப்பா, இன்னொரு பக்கம் அவன், மடியில் கால அட்டவணை. எழுத்து வேலையை அப்பா வந்த பிறகு சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுங்கள். நாலைந்து மாதத்தில் பாப்பாவின் தூக்கம் ஓரளவு ஒழுங்குக்கு வரும்போது பழைய மூன்று வேலைக் கணக்குக்குத் திரும்பலாம், அதையும் படவரிசையில் ஒரு வாரம் முன்னாலேயே ஒட்டிக் காட்டிவிட்டு.